கடிகாரம் திருடாத யோக்கியன்

ஏலே பேராண்டி, ‘உண்மை விளம்பி’ன்னு பேரு வச்சிக்கிட்டு ராத்திரி பூரா செல்லுல எவனையாவது வஞ்சுக்கிட்டே கெடக்கியாமே? மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல சிங்கப் படம் வேற. பகல்ல கடைக்காரன் மீதிச் சில்லறை தரலேன்னாக்கூட உனக்குக் கேக்க வாய் வராது. இருட்டுனா மந்திரி, டாக்டரு, வாத்தியாரு ஒருத்தனும் தப்ப முடியலியாக்கும்!

எங்க காலத்துல இதுக்குப் பேரு மொட்டைக் கடுதாசி. இடது கையால எழுதுவான். பஸ் ஏறிப் போயி வேத்தூருத் தபால் பெட்டியில போடுவான். அந்த மெனக்கெடலாவது இருந்துச்சு. நீ என்ன செய்யுதே? ஆதாரைக் காட்டி வாங்குன சிம்மு. அதுல ஓ.டி.பி. வாங்கித் தொறந்த கணக்கு. முகமூடியை மாட்டிக்கிட்டு, சட்டையில வீட்டுக் கதவு நம்பரைக் குத்திக்கிட்டுப் போன கணக்கால்லா இருக்கு! கோர்ட்டு கேட்டா கம்பெனிக்காரன் உன் வெவரத்தை எடுத்து நீட்டுவான். அவனுக்கு உன் மேல என்னலே பாசம்?

‘பச்சையாச் சொல்லலியே தாத்தா, சூசகமாத்தானே சொன்னேன்’ங்கே. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860ல வந்தது, மெக்காலே துரை வரைவு போட்டது. அப்ப செல்லு உண்டா, மீம்ஸ் உண்டா? ஆனா 499ஆம் பிரிவுல ஒரு கடிகாரத் திருட்டை வச்சே மூணு உதாரணம் இருக்கு, கேளு. ஒருத்தன், ‘அவரு யோக்கியரு, கடிகாரத்தைத் திருடவே இல்லை’ங்கான். கேக்கவன் அவருதான் திருடுனாருன்னு நெனைக்கணும்னே சொல்லுதான். அது அவதூறு. இன்னொருத்தன்கிட்ட ‘யாரு திருடுனது?’ன்னு கேக்காங்க. வாயே தொறக்கல, கையைக் காட்டுதான். அதுவும் அவதூறு. மூணாவது ஆளு, அவரு கடிகாரத்தோட ஓடுத மாதிரிப் படம் போடுதான். விதிவிலக்கு எதுலயாவது அடங்குனாலொழிய அவனும் தப்ப முடியாது. ஏலே, மூணாவது மீம்ஸ்தானே? ரெண்டாவது நீ போடுத விரல் பொம்மை. உன்னைய அப்பவே பாத்துட்டாம்லே வெள்ளைக்காரன்!

2024 ஜூலை 1ல அந்தச் சட்டம் போயி பாரதிய நியாய சன்ஹிதா வந்துச்சு. பிரிவு நம்பரு 356 ஆச்சு. கடிகாரத்தை மட்டும் யாரும் தொடல.

‘உண்மையைத்தானே சொன்னேன்’னு சாதிப்பே. உண்மை மட்டும் பத்தாது. அதைச் சொன்னது ஊரு நன்மைக்குன்னும் காட்டணும். எதுத்த வீட்டுக்காரன் கடன்பட்டது நெசந்தான். அதை ஊருக்கு அளந்தா யாரு வீட்டு அடுப்பு எரியும்? பஞ்சாயத்துத் தலைவரு ரோடு போட்ட லெச்சணத்தை நல்லெண்ணத்தோட பேசு, சட்டம் எடம் குடுக்கு. செத்தவனைப் பழிச்சாலும் குடும்பத்து மனசைப் புண்படுத்தத்தான் சொன்னேன்னா வழக்கு வரும், பாத்துக்க.

பெரிய மனுசங்க கூத்து அதுக்கு மேல. நாலு வரித் திட்டுக்கு நூறு கோடி கேட்டு வக்கீல் நோட்டீசு. மானத்துக்கு வெலையை எந்தச் சந்தையில விசாரிச்சாங்களோ! நம்ம மாநிலத்துல ஆட்சியில இருந்தவங்க அவதூறு வழக்காப் போட்டுத் தள்ளுனதைப் பாத்து 2016ல சுப்ரீம் கோர்ட்டே கடிஞ்சுது. அதே வருசந்தான் அந்த அவதூறுச் சட்டம் செல்லும்னும் அதே கோர்ட்டு சொல்லிச்சு.

மாட்டுனா ரெண்டு வருசம் வரைக்கும் வெறுங்காவல், இல்லேன்னா அபராதம், இல்லேன்னா ரெண்டும். புதுச் சட்டத்துல சமூக சேவைன்னு ஒண்ணையும் சேத்திருக்காங்க. நம்மூருக் குளம் தூர்வாராமக் கெடக்கு. பேரு போடாம எழுதுத உன் சேக்காளிமாரு எத்தனை பேருலே இருப்பானுவ?