வௌவாலுக்கு ஒரு கச்சேரி

கேள்வி: ஸி.டி.யைக் காட்டிலும் 'ஹை-ரெசல்யூஷன்' ஒலிப்பதிவு உயர்ந்தது என்கிறார்களே, அந்த உயர்வு நம் காதில் விழுமா?

பதில்: விலையைக் கேட்டுவிட்ட காதில் அவசியம் விழும். 1982-இல் கடைக்கு வந்த ஸி.டி., விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து 16 பிட்டில் எழுதி வைப்பதால், சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரையிலான நாதம் அதிலேயே அடங்கிவிடுகிறது. மனிதச் செவியின் எல்லையோ பால்யத்திலேயே 20,000-தான் என்பதாலும், வயது ஏற ஏற அதுவும் கீழிறங்குவதாலும், இத்தகைய கருவிகளை வாங்கும் சக்தி வாய்க்கிற பிராயத்தில், அதற்கு மேலும் 'ஹை-ரெசல்யூஷன்' பிடித்து வைக்கும் மிச்சத்தைக் கேட்க ஒரு வௌவாலைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர், உயர்தர இசைத்தட்டின் ஒலியைக் கேட்போர் அறியாவண்ணம் இடையிடையே ஸி.டி. தரத்துக்கு இறக்கி, எது எதுவென்று வினவி, 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, 554 தடவைகளில் விடை சரியானது 276 தடவை. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய இதே பலன் கிட்டியிருக்கும். 2016-இல் லண்டன் பேராசிரியர் ரைஸ் இத்தகைய 18 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்ததில் சரியான விடை 52.3 சதவிகிதம் தேறிற்று. நன்கு பயிற்சி பெற்ற செவிகள் அதனினும் கணிசமாக மேல்.

ரஸமான சங்கதி என்னவென்றால், அந்த உயர்தரத் தட்டுகள் பெரும்பாலான ஸி.டி.க்களைவிட இனிமையாகவே ஒலித்தன என்று மேயரும் மோரனுமே ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கு அவர்கள் கண்ட காரணம் எண்களல்ல, பதிவு செய்தவர்களின் சிரத்தை. ஆகவே தாங்கள் வாங்குவதாயின், உறைமேல் கொட்டை எழுத்திலுள்ள எண்ணை விட்டுவிட்டு, மூலையில் பொடி எழுத்திலுள்ள ஒலிப்பதிவாளர் பெயரைப் பாருங்கள். அதற்கு மூக்குக்கண்ணாடி வேண்டியிருக்கலாம். அந்தச் செலவு குறைவுதான்.