தேரும் காரும்

கேள்வி: வீராம்பட்டினத்துக் கடலோரத்தில் நிறுத்தப்படும் பழைய அம்பாசடர், சாவியைத் திருகினால் ‘டிக்’ என்பதோடு ஓய்ந்துவிடுகிறது, பேட்டரியை மாற்றிவிடலாமா?

பதில்: முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருகும்போது ஒளி மங்கினால், பேட்டரியில் சார்ஜ் இறங்கியிருக்கலாம், அல்லது உப்புக்காற்றில் டெர்மினல்களின் மேல், அதாவது கம்பிகள் பூட்டப்படும் முனைகளின் மேல், பூத்த வெளிர்பச்சைப் பொடி மின்னோட்டத்தைத் தடுத்திருக்கலாம். ஓய்வுநிலையில் வோல்ட்மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் நிறைவாக உள்ளது என்பதால், டெர்மினல்களையும், எஞ்சினைக் காரின் உடலோடு இணைத்து மின்சுற்றை நிறைவுசெய்யும் எர்த் வயரையும் சுரண்டி, இறுக்கி, வாசலின் தடவுவதே முதல் வைத்தியம். ஒளி மங்காவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் அதை இயக்கும் சொலினாய்டையும் மெக்கானிக்கிடம் காட்டுவது நலம். ஆடியில் உங்கள் வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் தேருக்கு வடம்பிடிக்கப் பிரெஞ்சு ஆட்சிக்காலம் தொட்டே புதுச்சேரி ஆளுநர் வருவது மரபு; காரைத் தள்ள அவர் வருவதாக மரபு இல்லை.