இளவரசர் தியேட்டரில் ஸ்பூன் மழை

லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் சிவப்புக் கம்பளம் விரித்துப் புதுப்படங்களுக்குப் பிரீமியர் நடத்துவார்கள். அதை ஒட்டிய சின்னத் தெருவில் இருக்கிறது பிரின்ஸ் சார்ல்ஸ் சினிமா. 1962-இல் நாடக அரங்கமாகப் பிறந்தது. இளவரசர் 2022-இல் மன்னராகிவிட்டார்; தியேட்டருக்கு மட்டும் பதவி உயர்வு வரவில்லை.

இங்கே பழைய படங்களுக்குத்தான் மவுசு. டிசம்பர் வந்தால் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ (1946) கட்டாயம் உண்டு. வந்த புதிதில் போட்ட பணத்தை எடுக்காத படம் அது. 1974-இல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் கோட்டைவிட்டார்கள். டி.வி.க்காரர்கள் ஓசியில் கிடைத்ததென்று போட்டுப் போட்டே அதைக் காவியமாக்கிவிட்டார்கள். அலட்சியத்துக்கு இவ்வளவு பெரிய பரிசு கிடைப்பது அபூர்வம்! கூடவே ‘டை ஹார்ட்’. புரூஸ் வில்லிஸ் வெறுங்காலோடு கண்ணாடிச் சில்லுகளை மிதித்து ஓடுவது எந்த வகையில் கிறிஸ்துமஸ் படம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இத்தனைக்கும் அது வெளியானது 1988 ஜூலையில், நல்ல கோடையில்.

புதுப்படங்களும் வரும். பெரிய தியேட்டர்களில் ஓடி முடித்து, சூடு ஆறிய பிறகு.

ஆனால் இந்த அரங்கத்தின் உண்மையான குலதெய்வம் ‘தி ரூம்’ (2003). எழுத்து, இயக்கம், தயாரிப்பு, கதாநாயகன் எல்லாமே டாமி வைஸோ. ஆகவே பழியைப் பங்குபோட ஆள் இல்லை. சுமார் 60 லட்சம் டாலர் செலவானதாகச் சொல்லப்படும் படம், லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் ஓட்டத்தில் 1,800 டாலர்தான் வசூலித்ததாம். கதாநாயகன் வீட்டு வரவேற்பறையில் ஒரு போட்டோ ஃபிரேம். அதற்குள் தாத்தா இல்லை, பாட்டி இல்லை, ஒரு ஸ்பூன்! ஃபிரேமோடு கடையிலிருந்து வந்த படத்தை யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். அது திரையில் தெரிந்ததும் மொத்தக் கூட்டமும் “ஸ்பூன்!” என்று கத்திக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்பூன்களை வீசும். நம் ஊர் முதல் காட்சியில் பறக்கும் காகிதத்துக்கு இது அண்ணன். காகிதம் மண்டையில் பட்டால் வலிக்காது. வைஸோவே நேரில் வந்து, இந்த வரவேற்பைப் பூரிப்போடு ஏற்றுக்கொண்டிருக்கிறார். மோசமான படம் எடுப்பவர்கள் ஏராளம். அதை இத்தனை மனசாரச் செய்தவர் குறைவு. கூட்டம் கைதட்டுவது அதற்கும் சேர்த்துத்தான் என்று தோன்றுகிறது.

‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ (1965) கூட்டம் வேறு ரகம். பாடல் வரிகள் திரையில் ஓடும், அரங்கமே சேர்ந்து பாடும். 1999-இல் தொடங்கிய பழக்கம். நாஜிகள் தலைகாட்டினால் ஊளை. படத்தின் நாயகனான கேப்டனுக்கு நிச்சயித்த சீமாட்டிக்கும் அதே கதி. பாவம், நன்றாக உடுத்தியதைத் தவிர அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ரசிகர்கள் படத்துப் பாத்திரங்களாக வேடம் போட்டு வருவார்கள். எழுபதுகளில் ‘எம்மானுவெல்’ என்ற பாலுணர்வுப் படத்தைப் பார்க்கக் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு, தெரிந்தவர் கண்ணில் படாமல் நுழைய வேண்டியிருந்த இதே வாசலில், இப்போது கன்னியாஸ்திரி உடையில் மீசைக்காரர்கள் கூச்சமே இல்லாமல் வரிசையில் நிற்கிறார்கள்.