டி-72 ஓடலாம், பிளேஸ்டேஷன் 4 ஓடக்கூடாதா?

2025 மார்ச் 7 அன்று நம் பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்தோடு 24 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. டி-72 டாங்கிகளில் இருக்கிற 780 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துவிட்டு 1000 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்த வேண்டும். அந்தத் தொழில்நுட்பத்தை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். டி-72 நம் ராணுவத்துக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். அதே ஆவடியில் 2009-லிருந்து டி-90 பீஷ்மா வெளிவருகிறது, அர்ஜுன் பிறந்த ஊரும் அதுதான். வாலிபப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டில் இருக்கும்போதே பெரியவருக்கு மாற்று இருதயம் வைக்கிறார்கள். பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்மிடம் இருக்கும் டாங்கிகளில் டி-72தான் அதிகம், இரண்டாயிரத்துக்கும் மேல். அதைக் கழித்துவிட்டால் எல்லையில் அணிவகுக்க ஆள் பற்றாது. போர் என்பது மல்டிபிளேயர் ஆட்டம், அதில் தலை எண்ணிக்கை முக்கியம் என்பது ஆவடிக்குத் தெரிந்திருக்கிறது.

வீடியோ கேம் கம்பெனிகளுக்கு இது அவ்வப்போது மறந்துபோகிறது. பிளேஸ்டேஷன் 4 இந்தியாவுக்கு வந்தது 2014 ஜனவரியில், 39,990 ரூபாய் விலையில். டி-72 பக்கத்தில் வைத்தால் அது இன்னும் தொட்டிலில் கிடக்கிறது. ஆனாலும் பெரிய மல்டிபிளேயர் ஆட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போதெல்லாம், "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இந்தப் பழைய பெட்டியைக் கட்டி இழுப்பது?" என்று ஒரு கூட்டம் பெருமூச்சு விடுகிறது. பெருமூச்சு விடுகிறவர் வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அது 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு இங்கே வந்தது, மறு வருடமே 54,990 ஆனது. மின்சாதனம் நாளாக ஆக விலை இறங்கும் என்று நம்பி ஓரமாகக் காத்திருந்தவர்கள் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள்.

தனியாக உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டத்தைப் புது இயந்திரத்துக்கு மட்டும் செய்துகொள்ளட்டும், எனக்கு வழக்கில்லை. இன்று வாங்க முடியாதவர் நாலு வருடம் கழித்து வாங்கி ஆடுவார். கதை எங்கும் ஓடிப்போகாது. மல்டிபிளேயர் சமாச்சாரம் வேறு. அங்கே கம்பெனி விற்கிற முக்கியமான சரக்கு எதிராளி. துப்பாக்கி, மைதானம், தலையில் மாட்டுகிற முயல் காது எல்லாவற்றையும் அவர்கள் செய்து தருவார்கள். சுடுவதற்கும் சுடப்படுவதற்கும் நாம்தான் போக வேண்டும், அதுவும் காசு கொடுத்து. ஆகவே பழைய கன்சோலை வெட்டுகிற கம்பெனி தன் சரக்கிலேயே ஒரு பங்கை வெட்டிக் குப்பையில் போடுகிறது. அந்தப் பெட்டியில் ஆள் இல்லாமல் போய்விட்டால் வெட்டலாம். பெட்டிக்கு வயதாகிவிட்டது என்பதற்காக வெட்டுவது முட்டாள்தனம்.

எதிர்க்கட்சியின் பலமான வாதம், பழசு கையைக் கட்டிப்போடுகிறது என்பது. பொய்யில்லை. பிளேஸ்டேஷன் 4-ன் உள்ளே இருக்கிற ஜாகுவார் பிராசசரின் வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ்; விலை குறைந்த லேப்டாப்புகளுக்காகப் பிறந்த குலம் அது. பெயர்தான் சிறுத்தை, வந்த நாளிலேயே அதை யாரும் வேகம் என்று சொன்னதில்லை. சுழல்கிற ஹார்ட் டிஸ்க், 8 ஜி.பி. மெமரி. பிளேஸ்டேஷன் 5-ல் பிராசசர் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், மெமரி இரட்டிப்பு, எஸ்.எஸ்.டி. நொடிக்கு 5.5 ஜி.பி. படிக்கும். குண்டு யார்மேல் பட்டது என்று தீர்ப்பு சொல்வது பெரும்பாலும் எங்கோ இருக்கிற சர்வர்தான் என்றாலும், ஓடுகிற ஆட்களையும் இடிகிற சுவர்களையும் நொடிக்கு அறுபது தரம் கணக்குப் போட்டுப் படமாக வரைய வேண்டியது நம் வீட்டுப் பெட்டி. அதற்கு மூச்சு வாங்கினால் ஆட்களைக் குறைக்க வேண்டும், ஊரைச் சுருக்க வேண்டும்.

கட்டை அவிழ்த்துவிட்டால் என்ன நடக்கும் என்று யாரும் கற்பனை செய்துபார்க்க வேண்டியதில்லை. 2021 நவம்பரில் பேட்டில்ஃபீல்ட் 2042 வந்தபோது அந்தச் சோதனையே நடந்தது. பழைய கன்சோல்களில் ஒரு ஆட்டத்துக்கு 64 பேர். புதுக் கன்சோலிலும் கணினியிலும் 128 பேர், அதற்கேற்ற அகலமான மைதானம். ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு கச்சிதமாக அமையாது. 128 பேருக்கு இடம் விட்டதில் ஊர் வெறிச்சென்று ஆனது. ஆவடி செக்போஸ்டில் இறங்கிப் பட்டாபிராம் வரை நடந்து, போய்ச் சேர்ந்த கணத்தில் எங்கிருந்தோ சுடப்பட்டு, மறுபடியும் செக்போஸ்டிலிருந்து நடக்கிற அனுபவத்தைப் பலர் போர் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே பிரேக்த்ரூ என்ற ஆட்ட வகையில் 128-ஐ எடுத்துவிட்டு 64-க்குத் திரும்பினார்கள். 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்ட் 6-ல் பிளேஸ்டேஷன் 4 கிடையாது. இனிமேல் தடுக்க ஆளில்லை, 256 பேரைக்கூட இறக்கியிருக்கலாம். இறக்கியது 64. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய மாடு ஊரெல்லாம் சுற்றிவிட்டு அதே கொட்டகையில் வந்து படுத்துக்கொண்டது.

உடனே மறுப்பு வரும்: அந்த பேட்டில்ஃபீல்ட் 6 மூன்றே நாளில் 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதே, பழைய பெட்டி இல்லாமல் யார் அழுதார்கள்? யாரும் அழவில்லை. என் வாதம் அதனால் சாயவும் இல்லை. 2021-ல் அதே கம்பெனி பழைய பெட்டியை வெட்டத் துணியவில்லை, நாலு வருடம் கழித்துத் துணிந்தது. இந்த ஆட்டத்துக்கு முழு விலை கொடுத்து வாங்குகிற கூட்டம் அதற்குள் வீடு மாறிவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன். எல்லாக் கூட்டமும் மாறிவிடவில்லை. பிளேஸ்டேஷனுக்குள் மாதந்தோறும் நுழைகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இன்னும் 4-ல்தான் இருக்கிறார்கள் என்று 2024-ல் சோனியே சொன்னது. அதே 2025 இலையுதிர் காலத்தில் கால்பந்து ஆட்டமான இ.ஏ. எஃப்.சி. 26 பிளேஸ்டேஷன் 4-க்கும் வந்தது, கால் ஆஃப் டூட்டி பிளாக் ஆப்ஸ் 7-ம் வந்தது. காசு எண்ணத் தெரியாதவர்கள் என்று அந்தக் கம்பெனிகளை அவர்கள் எதிரிகள்கூடச் சொல்லமாட்டார்கள். யார் எந்தப் பெட்டியிலிருந்து உள்ளே வருகிறார் என்கிற லாகின் கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. அந்தப் பேரேட்டைப் பார்த்து முடிவெடுத்தால் போதும், பிறந்த தேதியைப் பார்க்க வேண்டாம்.

நம் பக்கத்துக்கு வருவோம். அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் பெரும்பாலானவர்களுக்குக் கன்சோல் என்பது சட்டைப் பையில் இருக்கிற போன். மூர்மார்க்கெட் லோக்கலில் ஜன்னலோரம் கிடைத்தவர், கிடைக்காதவர் என்ற பேதமில்லாமல் தலைகுனிந்து ஆடுவது அதில்தான். பழைய இயந்திரத்தை மதித்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்திலேயே நல்ல சாட்சி இங்கே இருக்கிறது. பப்ஜி மொபைல் 100 பேர் ஆடுகிற பெரிய விருந்து, அதற்கு நல்ல போன் வேண்டும். 2017-ல் வந்த ஃப்ரீ ஃபயர் 50 பேரோடு, பத்து நிமிடத்தில் முடிகிற மாதிரி, மெமரி குறைந்த போனுக்கென்றே தைத்த சட்டை. படம் பொம்மை மாதிரி இருக்கிறது என்று பப்ஜிக்காரர்கள் கேலி செய்தார்கள். பொம்மை படத்தோடு அது கோடிக்கணக்கான போன்களில் ஏறி உட்கார்ந்தது. பப்ஜியும் சும்மா இருக்கவில்லை, 60 பேர் ஆடும் லைட் பதிப்பை இறக்கியது. 2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பெரியதும் லைட்டும் சேர்ந்தே போயின. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற புதுப் பெயரில் பெரியது திரும்பி வந்தது, லைட் வரவில்லை. பிறகு 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்கும் தடை விழுந்தது. தப்பித்தது, அதே கம்பெனியின் கனமான பதிப்பான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். பாதுகாப்புக் காரணம் என்று அரசு சொன்னது, அது எனக்கு அப்பாற்பட்ட விஷயம். ஏழைப் போனுக்கென்று செய்த ஆட்டங்கள் ஒவ்வொன்றாகப் போய், பணக்காரப் போனுக்கானவை மிஞ்சின என்பது மட்டும் தற்செயலிலும் தற்செயல்.

சமநீதி பேசுகிறவர்கள் இன்னொரு பக்கத்திலிருந்து வருவார்கள். நொடிக்கு 60 படம் காட்டுகிற பெட்டிக்காரனை 120 படம் காட்டுகிற பெட்டிக்காரனோடு மோதவிடுவது அநியாயம், பழைய பெட்டிக்காரனின் நன்மைக்காகவே அவனை வெளியே அனுப்புகிறோம் என்பது வாதம். தோற்கிறவன்மேல் இவ்வளவு கரிசனம் வேறெந்த விளையாட்டிலும் கண்டதில்லை. பி.ஜி.எம்.ஐ. ஆடுகிறவர்களுக்கு ஐபேட் வியூ என்றால் தெரியும்: ஐபேடின் திரை வடிவத்தில் போன்காரனுக்குத் தெரியாத பக்கமும் தெரியும். அதற்காகப் போன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் எங்களை வெளியே தள்ளிவிடுங்கள் என்று மனுக் கொடுத்ததாகச் செய்தியில்லை. "ஐபேட்காரன்டா" என்று திட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகிறார்கள். அவ்வளவு உறுத்தினால் ஒரே வகைப் பெட்டிக்காரர்களைத் தனியாகக் கோக்கலாம். பேட்டில்ஃபீல்ட் 2042 அதைத்தானே செய்தது.

செலவு? உண்மையான ஆட்சேபம் இதுதான். இரண்டு தலைமுறைக்கு ஒரே ஆட்டத்தைச் செய்வது இரட்டை வேலை. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், "ஜாப் ஒர்க் கொடுங்க சார்" என்பார். 2015-ல் கால் ஆஃப் டூட்டி பிளாக் ஆப்ஸ் 3 விஷயத்தில் நடந்தது அந்த ஜாப் ஒர்க்தான். பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்குமான பதிப்பை பீனாக்ஸ், மெர்சனரி டெக்னாலஜி என்ற வேறு இரண்டு பட்டறைகள் செய்துகொடுத்தன. அதில் கதைப் பகுதியை நீக்கிவிட்டார்கள், விலையைக் குறைத்தார்கள், மல்டிபிளேயரை விட்டுவைத்தார்கள். பழைய பெட்டியால் தூக்க முடியாத சுமை எது என்று வந்தபோது கழன்று விழுந்தது தனியாள் கதை. கூட்ட ஆட்டம் தாக்குப்பிடித்தது. எதிர்க்கட்சி இதை ஒரு தரம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இதற்காக எல்லாவற்றையும் எல்லாப் பெட்டியிலும் திணிக்கச் சொல்லவில்லை. 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077 பிளேஸ்டேஷன் 4-ல் ஓடிய லட்சணத்தைப் பார்த்து சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கி, ஆறு மாதம் கழித்துத்தான் திரும்ப வைத்தது. அந்தக் கொடுமைக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். பால்டர்ஸ் கேட் 3 கதை இன்னும் வேடிக்கை. ஒரே திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதி எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ல் ஓடவில்லை. தம்பி பெட்டியில் இல்லாத வசதி அண்ணன் பெட்டியிலும் இருக்கக்கூடாது என்று மைக்ரோசாஃப்ட் பிடித்த பிடியில், பிளேஸ்டேஷனுக்கு 2023 செப்டம்பரில் வந்த ஆட்டம் எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில் வந்தது, அதுவும் மைக்ரோசாஃப்ட் பிடியைத் தளர்த்திய பிறகு. இத்தனைக்கும் சீரிஸ் எஸ் 2020-ல் வந்த புதுப் பெட்டி! ஓடாது என்றால் அந்த ஒரு வசதியைக் கழற்றுங்கள், ஆளைக் கழற்றாதீர்கள்.

இதெல்லாம் வெறும் சென்டிமென்ட், பழசை விடமுடியாத சென்னைக்காரன் புத்தி என்று சிலர் முடிப்பார்கள். தோனியைக் கையில் எடுப்பார்கள். சர்வதேச ஆட்டம் ஆடி ஐந்து வருடம் ஆனவர் புதுமுகத்துக்குச் சமம் என்ற விதியைத் தூசிதட்டி, 43 வயதுக்காரரை 4 கோடி ரூபாய்க்கு அறிமுக வீரர் பட்டியலில் தக்கவைத்தது சென்னை அணி. 2025-ல் கடைசி இடத்தில் வந்து நின்றது. பழைய வன்பொருளுக்கு ஆதரவு கொடுத்த பலன் என்பார்கள். ஆட்ட நுணுக்கம் பேசும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. சேப்பாக்கத்தில் அவர் மட்டையோடு இறங்கும்போது எழுகிற சத்தம் மட்டும் காதில் விழுகிறது. அணி நிர்வாகமும் லாகின் கணக்கைத்தான் பார்த்திருக்கிறது.

ஆள் போய்விட்டால் பெட்டியை மூடுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஜி.டி.ஏ. ஆன்லைனை பிளேஸ்டேஷன் 3-ல் 2021 டிசம்பர் 16 அன்று நிறுத்தினார்கள், எட்டு வருடம் ஓடிய பிறகு. ஃபைனல் ஃபேண்டஸி 11 என்ற ஆட்டம் 2002-ல் பிளேஸ்டேஷன் 2-ல் தொடங்கி, 2016 மார்ச் வரை அதிலேயே ஓடியது. அந்தப் பெட்டியின் உற்பத்தி நின்ற பிறகும் சர்வர் ஓடியிருக்கிறது. இது மரியாதையான வழியனுப்பல். இதில் கேட்க வேண்டிய பாக்கி ஒன்று உண்டு. பிளேஸ்டேஷன் 3 காலத்தில் இணையத்தில் ஆட சோனிக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 4 வந்ததிலிருந்து விலைக்கு வாங்கிய ஆட்டத்தை நம் இணைப்பில், நம் கரண்டில், நாலு பேரோடு ஆட அவர்களுக்குச் சந்தா கட்டுகிறோம். சந்தாவை மட்டும் எந்தப் பெட்டிக்கும் வயதாகிவிட்டது என்று நிறுத்திய மாதிரி தெரியவில்லை.

இந்தச் சண்டை எதுவும் எட்டாத இடம், மணிக்கணக்கில் காசு வாங்குகிற புறநகர் கேம் சென்டர்கள். அங்கே மல்டிபிளேயர் என்றால் ஒரு சோபா, இரண்டு கன்ட்ரோலர், பின்னால் நின்று யோசனை சொல்ல நாலு பேர். சர்வரை யாரும் அணைக்க முடியாது, அப்படி ஒன்று இல்லவே இல்லை. எஃப்.சி. 27 பிளேஸ்டேஷன் 4-க்கு வராமலே போனாலும் அந்தக் கடைக்காரர் ஷட்டரை இறக்கமாட்டார். 26-ல் சில ஆட்டக்காரர்கள் பழைய கிளப் ஜெர்சியில் நிற்பார்கள், கோல் போடுவதற்கு அது தடையில்லை.