பதினாலாவது பாயிண்ட்

காட்டுப்பள்ளியில் இருந்த அத்தை வீட்டுக்குப் போக எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எண்ணூர் முகத்துவாரத்தில் படகு ஏறி, அந்தக் கரையில் இறங்கி, மணலில் நடக்க வேண்டும். எழுபதுகளின் கடைசி அது. பொழுது சாய்ந்ததும் அத்தை சிமினி விளக்கின் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே துளி சாம்பல் போட்டுத் துணியால் துடைப்பார். அடுப்புச் சாம்பலைத் தேடிப் போக மாட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எண்ணூர் அனல் மின் நிலையத்திலிருந்து காற்றோடு வந்து திண்ணையிலும் கருவாட்டிலும் படிந்திருப்பதை விரலால் வழித்துக்கொள்வார். மின்சாரம் வராத வீட்டில் மின்சாரத்தின் சாம்பலைப் போட்டு விளக்கு துடைத்தார்கள். அந்த விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நைனா அந்த மின் நிலையத்தில்தான் காண்டிராக்ட் கூலி. 1970-ல் ஓடத் தொடங்கிய நிலையம். ஐந்து யூனிட்டும் சேர்ந்து 450 மெகாவாட். கரி வாரிவிட்டு வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். “நாம வாரிப் போடுறதுதான்டா மெட்ராஸ் பூரா எரியுது” என்பார். பெருமையாகத்தான் சொல்வார். பிறகு எங்கள் குப்பத்துக்குக் கம்பம் வந்தது. குடிசைக்கு ஒரு விளக்கு, 40 வாட் பல்பு. கூடுதலாக ஒரு பாயிண்ட் இழுத்தால் லைன்மேன் வந்து பிடுங்கிவிட்டுப் போவார். நைனா அந்த ஒற்றைப் பல்பை நிலைப்படிக்கு நேர் மேலே மாட்டினார். வாசலில் வலை கட்டுகிற மாமாவுக்குப் பாதி வெளிச்சம், உள்ளே படிக்கிற எனக்குப் பாதி. நான் வயர்மேன் ஆனது அந்த நிலைப்படியில்தான்.

தாத்தா டிராம் கதை சொல்வார். மெட்ராஸ் தெருவில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது, 1953 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். கரண்டில் வண்டி ஓடியதைத் தாத்தா பார்த்துவிட்டார். தன் வீட்டில் கரண்ட் எரிந்ததைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

இப்போது நான் அதே காட்டுப்பள்ளியில் ஒரு கன்டெய்னர் யார்டில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது அத்தை இருந்த குப்பம் இடம் மாறியது. 2013-லிருந்து இங்கே கன்டெய்னர் கப்பல்கள் வருகின்றன. படகு வேண்டியதில்லை, தார் ரோடு இருக்கிறது. ரோட்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். பேனல் ரூம் மொட்டை மாடியில் ஏறினால் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். 2024-ல் சேர்ந்த 800-ஐயும் கூட்டினால் அங்கே மட்டும் 2,630 மெகாவாட், வல்லூரில் 1,500. நைனா கரி வாரிய நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட அவர் இல்லை.

யார்டில் கார் வைத்திருப்பவர்களில் பலர் மின்சாரக் காருக்கு மாறினார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “பதினாலு பாயிண்ட் போடணும், என்ன வேணும்னு பாருங்க” என்றார். சார்ஜர் விற்க வந்த ஆள் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒரு பாயிண்ட் சிங்கிள் ஃபேஸ், 32 ஆம்பியர், 7.4 கிலோவாட். பதினாலுக்கு ஏறக்குறைய 104 கிலோவாட். “டிரான்ஸ்ஃபார்மரையே மாத்தணும் சார், ஈ.பி.யில லோடு கூட்டி வாங்கணும்” என்றான்.

எனக்கு அந்தக் கணக்கு சரியாகப் படவில்லை. எங்கள் யார்டில் ஏற்கெனவே பெரிய தீனிக்காரன் ஒருவன் இருக்கிறான்: ரீஃபர். குளிர்சாதன கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் த்ரீ ஃபேஸில் 32 ஆம்பியர் சாக்கெட். உள்ளே ஏற்றுமதி இறால், மைனஸ் பதினெட்டு டிகிரியில். ஒரு மணி நேரம் கரண்ட் போனாலும் பத்துப் பேர் போன் அடிப்பார்கள். அந்த இறாலுக்குக் குறை வராமல்தான் காருக்குக் கொடுக்க வேண்டும். அதுவும் காலை 9 மணிக்கு எல்லோரும் வந்திறங்கி ஒரே நேரத்தில் சார்ஜர் கன்னைச் சொருகினால், 6.30-லிருந்து 10.30 வரை உச்ச நேரம், யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். அதோடு எச்.டி. மீட்டர் ஒன்றை மறக்கவே மறக்காது: மாதத்தில் ஒரு தடவை டிமாண்ட் எவ்வளவு உயரம் ஏறியதோ, அதை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டு பில்லில் காட்டும்.

நான் அந்தப் பதினாலு பேரிடமும் போய் ஒரே கேள்வி கேட்டேன்: “தினம் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?” மாதவரம், அண்ணா நகர், மணலி. போக வர அறுபது, எழுபது கிலோமீட்டர். பத்து யூனிட் போதும். பதினாலு வண்டிக்கு 140 யூனிட். வண்டி நிற்பது எட்டு மணி நேரம். பிரித்துப் பார்த்தால் மணிக்குப் பதினேழரை யூனிட்தான். 104 எங்கே, பதினேழரை எங்கே! ஏர்போர்ட்டுக்கு ஓடுகிறவனுக்குத்தான் அவசரம். ஆபீஸில் நாள் முழுக்க நிற்கிற வண்டிக்கு மாலைக்குள் பத்து யூனிட் ஏறியிருந்தால் போதும்.

இதை அந்த வண்டிகளே புரிந்துகொள்ளும் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சார்ஜருக்கும் காருக்கும் நடுவே ஒரு மெல்லிய சிக்னல் ஒயர் ஓடுகிறது. ‘இப்போது இவ்வளவு ஆம்பியர்தான் எடுத்துக்கொள்ளலாம்’ என்று சார்ஜர் அதில் சொல்லும். கார் அதற்கு மேல் இழுக்காது. 32-லிருந்து 6 ஆம்பியர் வரை குறைக்கலாம். மெயின் இன்கமரில் லோடை அளக்க சி.டி. மாட்டி, ஒரு கன்ட்ரோலரை வைத்தோம். ரீஃபர் ஏறினால் கார் இறங்கும், ரீஃபர் இறங்கினால் கார் ஏறும். பழைய டிரான்ஸ்ஃபார்மரே போதும் என்றதும் மேனேஜர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. பாயிண்டுகளை ஆர், ஒய், பி மூன்று ஃபேஸுக்கும் பிரித்துக் கொடுத்தேன். ஒரே ஃபேஸில் தொங்கவிட்டால் நியூட்ரல் சூடாகும். அந்தச் சூட்டை பழைய பேனல்களில் நான் கையால் தொட்டே பார்த்திருக்கிறேன்.

மண் வேலையில்தான் நாள் பிடித்தது. இங்கே மேலே ஓர் அடி காய்ந்த மணல், அதன் கீழே உப்பு ஈரம். எர்த் ரீடிங் அருமையாக வரும், ஆனால் அதே உப்பு ஜி.ஐ. பைப்பைத் தின்றுவிடும். முன்பு ஒரு தடவை பழைய எர்த் பிட்டைத் தோண்டியபோது பைப் என் கையிலேயே பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது. அதனால் இந்தத் தடவை காப்பர் பூசிய ராடு கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு பாயிண்டுக்கும், கரண்ட் கசிந்தால் அறுத்துவிடும் ஆர்.சி.டி. தனியாக வைத்தே தீர வேண்டும் என்று நின்றேன். மழையில் நனைந்த கையோடு கன்னைப் பிடிக்கப் போகிறவர்கள் மனிதர்கள். சார்ஜர் மேடையை எவ்வளவு உயரம் கட்டுவது என்று சிவில் ஆள் கேட்டான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளம் எங்கள் காம்பவுண்டுச் சுவரில் விட்டுப்போன கோட்டைக் காட்டினேன். அந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து வந்து எண்ணூர்ப் படகுகளில் ஒட்டியது; என் மாமா மகன் படகில் அந்தக் கறுப்புப் பட்டை இன்னும் முழுசாகப் போகவில்லை. கோட்டுக்கு மேலே ஒரு முழம் விட்டுக் கட்டினார்கள்.

எல்லாம் முடிந்து டிராயிங்கில் கையெழுத்துப் போடும்போதுதான் எனக்கு உறுத்தியது. அதில் ஸ்கூட்டர் ஒன்றுகூட இல்லை.

எங்கள் யார்டில் செக்யூரிட்டி, கிளீனிங், லாஷிங் வேலைக்கு வருகிற காண்டிராக்ட் ஆட்களில் பலர் செகண்ட் ஹாண்டில் மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார்கள். பெட்ரோல் விலையில் அவர்களுக்கு வேறு வழி இல்லை. அவர்கள் கேன்டீன் சுவர் சாக்கெட்டில் சொருகப் போய், ‘கரண்ட் திருட்டு’ என்று ஒரு நாள் பெரிய சத்தம் ஆகிவிட்டது. நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டி ஒருவரைக் கூப்பிட்டு நிற்கவைத்து எழுதி வாங்கினார்கள். ஐம்பத்தைந்து வயது ஆள். சுருட்டிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். கூடுதலாக ஒரு பாயிண்ட் இழுத்ததற்காக லைன்மேன் முன்னால் அப்படித்தான் நின்றார் நைனா.

மேனேஜரிடம் போனேன். “சார், ஒரு ஸ்கூட்டர் சார்ஜர் முக்கால் கிலோவாட் இழுக்கும். ஒரு கார் பாயிண்ட் லோடில பத்து ஸ்கூட்டர் ஏறும். பதினாலாவது பாயிண்டை எனக்குக் கொடுங்க.”

“யூனிட் காசு யார் கட்டுறது?”

“கார்க்காரங்களுக்கு யார் கட்டுறாங்க சார்?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. நல்ல மனிதர், யோசிக்கத் தெரிந்தவர். இரண்டு நாள் கழித்து, “சப் மீட்டர் வெச்சு ரீடிங் மட்டும் எனக்குக் காட்டுங்க” என்றார். பதிமூன்று கார் பாயிண்ட், பத்து ஸ்கூட்டர் சாக்கெட். சாக்கெட்டுக்கு மேலே தகர ஷெட் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் வைத்தோம். எழுதி வாங்கப்பட்ட அந்த அண்ணன்தான் முதல் ஆளாகச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்ததும் என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, போய் கேட்டில் உட்கார்ந்துகொண்டார்.

2025 ஜூனில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறிப் போனேன். சத்தமில்லாமல், தாழ்தளத்தோடு, கைக்குழந்தைக்காரிகூடச் சிரமமில்லாமல் ஏறுகிற மாதிரி இருந்தது. தாத்தா இருந்திருந்தால் டிராம் கதையை முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார்.

போன வாரம் ஒரு சாயங்காலம் சப் மீட்டர் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தேன். கிளீனிங்கில் இருக்கிற அக்கா ஒருவர் ஸ்கூட்டரை எடுக்க வந்தார். ஆற்றோரத்து ஊர், அவருடைய அம்மா இன்னும் கழியில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறார். முந்தின நாள் ராத்திரி அந்தப் பக்கம் கரண்ட் இல்லை, பிள்ளைக்குப் பரீட்சை என்று சொல்லிக்கொண்டே ஒயரைப் பிடுங்கினார்.

“தம்பி, ஒண்ணு கேக்கட்டா? இந்த வண்டில கீற கரண்ட ஊட்டுக்கு எடுக்க முடியுமா? ஒரு லைட்டு எரிஞ்சா போதும்.”

சில கார்களில் அந்த வசதி வந்துவிட்டது. இந்தப் பழைய ஸ்கூட்டரில் கிடையாது.

“இதுல முடியாதுக்கா” என்றேன்.

“சரி, வுடு” என்று ஒயரைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் வைத்தார். கிளம்பப்போனவரை நிறுத்தி, “நாளைக்கு வரும்போது ஒரு எமர்ஜென்சி லைட்டு எடுத்துட்டு வாங்க, இதுல சொருகி வெச்சிட்டுப் போங்க” என்று சொன்னேன். ஆறாம் நம்பர் சாக்கெட்டில் இப்போது ஸ்கூட்டரோடு அதுவும் சார்ஜ் ஏறுகிறது.