ஒரு கார்டுக்கு நாப்பத்தஞ்சு பேர்

வா ராசா, உக்காரு. கேமிங் கம்ப்யூட்டர் செட் பண்ணப் போறியாம், லயம் பூரா அதே பேச்சுதான். கொழும்புக் கடையில நின்னு சேத்த காசு பத்தாதுன்னு ஆத்தாவோட தீவாளி அட்வான்ஸ் மேலயும் ஒரு கண்ணு வச்சிருக்கியாம். யூடியூப்ல எவனோ ஆர்டிஎக்ஸ் 4090 கார்டைத் தூக்கிக் காட்டினானாம், அன்னையிலேர்ந்து உனக்குச் சோறு எறங்கலையாம். நல்ல கார்டுதான், குத்தம் சொல்லல. அது ஒண்ணு மட்டும் 450 வாட் இழுக்கும். நம்ம லயத்து வயரு இழுத்த கதை உனக்கே தெரியும். கேம்ல நீ ஒருத்தனைச் சுடுறதுக்குள்ள, லைட்டு மங்கிப்போன பக்கத்துக் காம்பரா அக்கா வந்து உன்னைச் சுட்டுருவா.

கெழவனுக்கு என்ன தெரியும்னு சிரிக்காத. மொதல்ல வெலை கேக்குற முறையைச் சொல்றேன். கடைக்காரன் ஒரு கார்டுக்கு 60,000 ரூபாய்னு சொன்னா அதை ரூபாயில கேக்காத, பேர்ல கேளு; ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். 2024 செப்டம்பர்ல நாள் சம்பளம் 1,350 ஆச்சு. அந்தக் கணக்குல அந்தக் கார்டு நாப்பத்தஞ்சு பேர். ஈபிஎஃப் கழிச்சா இன்னும் நாலு பேர் கூட. அட்டை கடிச்ச காலோட உன் ஆத்தா ரெண்டு மாசம் மலைக்குப் போகணும். இப்படிக் கேட்டுட்டும் வேணும்னு தோணினா வாங்கு, நான் ஏன் தடுக்கப் போறேன்?

தேயிலை ஸ்டோர்ல கெழடு தட்டுற வரைக்கும் ரோலர் பாத்தவன் நான். அங்க படிச்சது ஒண்ணுதான். கொழுந்து ராத்திரி பூரா தொட்டியில வாடும், காலையில ரோலர்ல அரையும், அப்புறம் ட்ரையருக்குப் போகும். எந்தத் தொரையாவது பெருமைக்குப் பெரிய ரோலரா வாங்கிப் போட்டு, ட்ரையரைப் பழசாவே விட்டா என்ன ஆகும்? அரைச்ச எலை குமிஞ்சு கெடந்து புளிச்சுப் போகும். உன் பெட்டியும் அதேதான். ப்ராசஸர் கணக்குப் போடும், கார்டு படம் வரையும், திரை காட்டும். பழைய ப்ராசஸர் மேல பெரிய கார்டைக் குத்தினா கார்டு கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். உன்கிட்ட இருக்குற திரை 60 ஹெர்ட்ஸ். நொடிக்கு 200 படம் வரையுற கார்டை நீ மாட்டினாலும் திரை 60 தான் காட்டும். மிச்ச 140 யாருக்கு, முனியாண்டி சாமிக்கா?

அதனால கேளு. புதுசு புதுசுன்னு ஓடாம ஏஎம்4 போர்டுலயே நில்லு. 2016ல வந்த சாக்கெட்டுதான், ஆனா 2022ல வந்த ரைசன் 5 5600 ப்ராசஸர் அதுலதான் உக்காருது. ஆறு கோர், நம்ம ஆட்டத்துக்குத் தாராளம். பழைய பி450 போர்டு மலிவாக் கெடைச்சா, பயாஸ் புதுசாக்கிட்டியான்னு கடையிலயே கேட்டுக்க. இல்லாட்டி வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டா திரை அமாவாசையாத்தான் இருக்கும். ராமை ஒத்தைக் குச்சியா 16 ஜிபி வாங்காத, எட்டும் எட்டுமா ரெண்டு வாங்கு, சோடியா ஓடினாத்தான் வேகம். 2025 கடைசியில இந்த ஏஐக்காரங்க உலகத்து ராமையெல்லாம் வாரிக்கிட்டதுல வெலை எகிறிப் போச்சு. மைக்ரோன் கம்பெனி, நம்மளப் போல ஆளுக்கு விக்கிற குருசியல் ராமையே நிப்பாட்டப் போறதாச் சொல்லிருச்சு. அதனால பழைய டிடிஆர்4 குச்சி கெடைச்சா மூஞ்சியச் சுளிக்காம வாங்கு.

கார்டுக்கு ஆர்எக்ஸ் 6600 போதும். 132 வாட்தான் இழுக்கும், உன் 1080 திரைக்கு அளவாத் தெச்ச சட்டை. அதுக்கும் காசு பத்தலையா? 5600ஐ விட்டுட்டு 5600ஜி வாங்கு. படம் வரையுற சாமான் அதுக்குள்ளயே கொஞ்சம் இருக்கு. வேலரண்ட் ஓடும், ஜிடிஏ 5ம் தரத்தைக் கொறைச்சா ஓடும். கார்டை அடுத்த தீவாளிக்குப் பாத்துக்கலாம். ஒரு தீவாளி பொறுத்தா ஒண்ணும் கொறைஞ்சு போயிர மாட்டே.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போவே, தெரியும். அங்க பழைய ஆர்எக்ஸ் 580 கார்டு ஒண்ணைக் காட்டி "தம்பி, ஆபீஸ்ல கெடந்தது, கை படாத சாமான்"னு ஒருத்தன் சொல்லுவான். ஆபீஸ்ல 580க்கு என்னடா வேலை, எக்செல் வரையுதா? 2022 செப்டம்பர்ல எத்தீரியம் காசு தோண்டுறது நின்னு போச்சு. அதுவரைக்கும் ராவும் பகலும் தோண்டின கார்டுங்க சந்தைக்கு வந்து குமிஞ்சிது. அதுல ஒண்ணாத்தான் இருக்கும். இன்னொரு கள்ளத்தனமும் இருக்கு. அசல் 580ல 2304 கோர். 2048 மட்டும் வச்ச ஒண்ணும் அதே பேர்ல சுத்துது. ஜிபியூ-இசட்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு, காசில்ல. கடைக்காரன் முன்னாலயே அதைப் போட்டு நம்பரைப் பாரு. அப்புறம் அரை மணித்தியாலம் கேம் ஓட்டச் சொல்லு. "நேரமில்ல தம்பி"ன்னான்னா உனக்கும் நேரமில்ல, எந்திரிச்சு வந்துரு.

இப்ப நம்ம மலைக்கு வருவோம். காசல்ரீ, மவுசாகலைத் தண்ணியில கரண்ட் எடுத்து நாடு பூரா வெளிச்சம் போடுறான். அந்தக் கரண்ட் நம்ம லயத்துக்கு வரும்போது மட்டும் மூச்சு வாங்கும். ஆக மிச்சம் புடிக்கக் கூடாத ஒரே சாமான் பவர் சப்ளை. 550 வாட், பேர் தெரிஞ்ச கம்பெனி. பெட்டியோட ஓசியா வர்றது ஒண்ணு உண்டு, கையில எடுத்தா காத்துப் போலக் கெடக்கும். அதை ஓசியாவே திருப்பிக் குடு. ஸ்டிக்கர்ல 80 பிளஸ்னு இருந்தா கரண்டை வீணடிக்காதுன்னுதான் அர்த்தம், வெடிக்காதுன்னு இல்ல. யூபிஎஸ் வாங்கும்போது 650னு எழுதியிருந்தா அது விஏ கணக்கு. வாட்டுல பாத்தா 360 பக்கம்தான் வரும். அது ஆடுறதுக்கு இல்ல, ஒழுங்கா அணைக்கிறதுக்கு.

எல்லாத்துக்கும் முந்தி உன் ப்ளக்குல எர்த் வயரு இருக்கான்னு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் காட்டு. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதான்னும் பாக்கச் சொல்லு. கரண்ட் கோளாறுல லயம் எரிஞ்ச சேதி அடிக்கடி கேக்குறோம். இதை மட்டும் நான் வெளையாட்டுக்குச் சொல்லல.

தண்ணி ஓடுற கூலர் வாங்கணும்னு வேற சொன்னியாமே? நுவரெலியாவுல கம்பளிக்குள்ள நடுங்கிக்கிட்டே கூலர் கேட்ட மொத ஆளு நீதான். 5600 பெட்டிக்குள்ள ஒரு காத்தாடியைச் சும்மாவே குடுக்குறான். அதை மாட்டு, மிச்சக் காசுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கு. அந்த மினுக்குற லைட்டையும் விட்டுத் தொலை. ஏழு கலர்ல மின்னினா எதிராளி பயந்து செத்துருவானா?

கடைக்காரன் குடுக்குற பில்லைத் திருப்பிப் பாத்திருக்கியா? எடுத்தா கண்ணாடி போட்டுக்கிட்டுப் படி. முன்பக்கத்துல பெருசா ஒரு வருச வாரண்டி. பின்பக்கத்துல பொடி எழுத்துல, அந்த வருசத்துலயே பதினாலு நாள் கொறைச்சிருப்பான். இடி விழுந்தா இல்ல, கரண்ட் ஏறி எறங்கினா இல்ல, கருகின தடம் இருந்தா இல்ல, துரு புடிச்சா இல்ல. ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் மத்தியானமானா இடி, மத்த மாசம் பனியும் தூத்தலும். நம்ம மலையில நடக்குறது பூராவும் அந்தப் பட்டியல்ல இருக்கு ராசா. அதனால வானம் உறுமினா வாரண்டியை நம்பாத, ப்ளக்கைப் புடுங்கு. ரவுட்டர் வயரையும் சேத்துப் புடுங்கு, இடி அந்த வழியாவும் வரும்.

கொண்டாரப்போ கார்டைக் கழட்டி, அது வந்த பெட்டியிலயே வச்சு மடியில வச்சுக்க. கினிகத்தேனை வளைவுல பஸ்காரன் ஒடிக்கிற ஒடிப்புக்கு மனுசன் எலும்பே எடம் மாறுது, கார்டு மாட்டின எடமா தாங்கும்?

கடைசியா கணக்கு. நான் சொன்ன பெட்டி ஆடும்போது, திரையும் சேத்து, 300 வாட் இழுக்கும்னு வை. தெனம் அஞ்சு மணித்தியாலம்னா மாசம் 45 யூனிட். நம்ம லைட்டும் இஸ்திரிப் பெட்டியும் சேந்தா 60ஐத் தாண்டிரும். தாண்டினா கரண்ட் ரேட்டே வேற.

இவ்வளவு சொல்லியும் நீ 4090ஐத்தான் நெனச்சுக்கிட்டிருக்க, மூஞ்சியிலயே தெரியுது. வாங்கு ராசா, உன் இஷ்டம். ஆனா கரண்ட் பில்லு என் பேர்லதான் வருது. மெயின் சுவிட்சும் என் கட்டில் தலைமாட்டுலதான் இருக்கு.