10 லக்ஸ் வெளிச்சத்தில் ஆடலாம்

டோக்கியோ,
சனிக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் "ராத்திரியெல்லாம் அங்கே எப்படிடா?" என்று நீங்கள் இழுத்ததும், பின்னால் அத்தை குரல் கேட்டதால் "ரொம்பக் குளிர் மாமா" என்று நான் சமாளித்ததும் நினைவிருக்கும். விவரம் இதோ. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

இங்கே குடிப்பதும் ஆபீஸ் வேலையில் ஒரு பகுதிதான். மேனேஜர் எழுந்தால் எல்லோரும் எழுந்து இஸகாயா என்கிற கடைக்குப் போகிறோம். யாருக்கு என்ன வேண்டும் என்ற விசாரணையே கிடையாது. முதல் சுற்று எல்லோருக்கும் பீர். எனக்கு மட்டும் ஊலாங் டீ. (இந்த ஒரு வரியை அம்மாவிடம் தாராளமாகப் படித்துக் காட்டலாம்.) கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணியில் ஏதோ தொடுகறி வரும். சும்மா தருகிறார்கள் என்று மகிழ வேண்டாம், 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும், உட்கார்ந்ததற்கு வாடகை. ஆனால் டிப்ஸ் வாங்க மாட்டார்கள். மேசையில் காசை விட்டுவந்தால், மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடிவந்து திருப்பித் தருகிறார்கள்.

தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்வது மரியாதை இல்லை. பக்கத்தில் இருப்பவர் ஊற்ற வேண்டும், காலியாவதற்கு முன்பே. அதனால் நீங்கள் வருஷக்கணக்காக அத்தையிடம் சொல்லிவரும் "ஒரே கிளாஸ்தான்" இங்கே அப்பட்டமான உண்மையாகிவிடும்.

இன்னொன்று கேளுங்கள். குடிக்கப் போகுமுன் இவர்கள் பக்கத்துக் கடையில் ஒரு குட்டிப் பாட்டில் வாங்கி மடக்கென்று விழுங்குகிறார்கள். ஈரலுக்கு நல்லதாம், மறுநாள் தலைவலி வராதாம். என்னவென்று பார்த்தால் மஞ்சள்! அத்தை கொடுக்கும் மஞ்சள் பாலுக்கு முகத்தைச் சுளிப்பீர்களே, இங்கே கோட்டு சூட்டு போட்ட ஜெனரல் மேனேஜர்கள் அதைக் காசு கொடுத்துக் குடிக்கிறார்கள்.

நீங்கள் சினிமாவில் பார்த்த நியான் விளக்குத் தெரு ஷின்ஜுகுவில் இருக்கிறது. கபுகிச்சோ என்று பெயர். போர் முடிந்தபின் அங்கே ஒரு கபுகி நாடக அரங்கம் கட்டப்போகிறோம் என்று 1948-இல் பெயரை மாற்றினார்கள். அரங்கம் வரவே இல்லை, பார்கள் வந்துவிட்டன. ஆள் பிடிப்பவர்களை நம்பிப் போகாதீர்கள், ஏமாற்றிவிடுவார்கள் என்று ஒலிபெருக்கியில் ஓயாமல் எச்சரிக்கை. அதற்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் ஆள் பிடிக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அதை ஒட்டிய கோல்டன் காய். ஆறு சந்து, 200-க்கும் மேல் பார். ஒவ்வொன்றும் நம் வீட்டு ஸ்டோர் ரூம் அளவு. எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஒன்பதாவது ஆள் தெருவில். எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் குடித்துச் சண்டை போட்ட இடம். 1980-களில் நிலத்தின் விலை எகிறியபோது, இப்படிப்பட்ட பழைய கட்டடங்களுக்கு ரௌடிகள் தீ வைத்து இடத்தைக் காலி செய்யப் பார்த்தார்கள். இந்தச் சந்துகளுக்கு வேண்டியவர்கள் முறைபோட்டு ராத்திரிக் காவல் காத்திருக்கிறார்கள். பாருக்குக் காவல் நிற்கும் பக்தி நம்மவர்களுக்கு உண்டா, சொல்லுங்கள்.

நைட் கிளப் கதை இதைவிட வேடிக்கை. அதே 1948-இல் போட்ட ஒரு சட்டப்படி, ஆடவிடும் கடைக்குத் தனி உரிமம் வேண்டியிருந்தது. நள்ளிரவில், சில இடங்களில் ஒரு மணிக்கு, மூடிவிட வேண்டியிருந்தது. 2010 வாக்கில் போலீஸ் திடீரென்று கெடுபிடி செய்யவே, கிளப்புக்குள்ளேயே "இங்கே ஆடக் கூடாது" என்று பலகை மாட்டினார்கள். பாட்டுக் கேட்கலாம், குடிக்கலாம், இடுப்பு மட்டும் அசையக் கூடாது! இசையமைப்பாளர் ரியூயிச்சி சகமோட்டோ போன்றவர்கள் ஆதரவோடு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டினார்கள். 2016 ஜூனில்தான் விடிய விடிய ஆட வழி பிறந்தது. அதற்கும் ஒரு நிபந்தனை: உள்ளே வெளிச்சம் 10 லக்ஸுக்கு மேல் இருக்க வேண்டும். தியேட்டர் இடைவேளை வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடுபவரின் முகம் தெரிகிறது, பாவம்.

சட்டத்தைவிடப் பெரிய அதிகாரி கடைசி ரயில். பன்னிரண்டரையை நெருங்கும்போது, அதுவரை தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த மேனேஜர் சட்டென்று நிமிர்ந்து ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். விட்டால் விடிகாலை ஐந்து மணி வரைக்கும் கரோக்கேதான் கதி. டாக்ஸிக்கு ராத்திரி 20 சதவீதம் கூடுதல். பைக், கார் பேச்சே இல்லை. ஓட்டியவரை மட்டுமல்ல, போதையில் இருக்கிறார் என்று தெரிந்தே கூட ஏறியவரையும், வண்டி ஓட்டப்போகிறவருக்கு ஊற்றிக் கொடுத்தவரையும் தண்டிக்கிறார்கள். அந்தக் கணக்கில் நம் குடும்பத்தில் பாதி ஆண்கள் உள்ளே இருக்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்ட யமஸாகி 12 வருஷ விஸ்கி. கடையில் போய் எடுத்துவர முடியாது மாமா, பல இடங்களில் குலுக்கல் போடுகிறார்கள். பெயர் கொடுத்திருக்கிறேன். விழுந்தால் இரண்டு லிட்டர் வரை கஸ்டம்ஸ் விடும். வீட்டு வாசலில் நடக்கும் சோதனைக்கு நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
ஊலாங் டீ குடித்தே கெட்ட பெயர் வாங்கும்
உங்கள் மருமகன்